காற்றுமானி நிரலில் ஸ்லீப் வைக்கலாமா, கூடாதா?

பாம்பன்கரை:
குந்துகால் பக்கம் ஒரு காற்றுமானி வைத்திருக்கிறோம். ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்ன கட்டுப்பாட்டு போர்டு; கிண்ணம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு பல்ஸ் (மின் துடிப்பு). காற்று எல்லை தாண்டினால் படகுக்காரர்களுக்குச் சைரன், அதை நிறுத்த ஒரு பட்டன். பக்கத்தில் ராஸ்பெரி பை என்கிற சின்ன கணினி, பைத்தானில் காற்றழுத்தத்தைப் படித்து ஃபைலில் எழுதுகிறது. இரண்டிலும் ஸ்லீப்தான், அதாவது அடுத்த அளவு வரை நிரலைச் சும்மா நிறுத்தி வைப்பது; ஆர்டுயினோவில் அதற்கு டிலே என்று பெயர், மில்லி விநாடிக் கணக்கு. ஊனோவில் டிலே(10 * 1000) நன்றாக ஓடியது. நிமிடத்துக்கு ஒரு தடவை போதும் என்று 60 * 1000 ஆக்கியதும் ஒரே ஒரு அளவை அனுப்பிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. ஸ்லீப்பையே தூக்கிவிடலாமா?

தொண்டிக்கடல்:
தூக்குங்கள். முதலில் அது ஏன் நின்றது என்று சொல்கிறேன். ஊனோவில் இன்ட் (சாதாரண முழு எண் வகை) 16 பிட், 32767க்கு மேல் கொள்ளாது. 10000 அடங்கும், 60000 அடங்காமல் மைனஸ் 5536 ஆகிவிடும். டிலே வாங்குவது மைனஸே இல்லாத 32 பிட் எண். அந்த மைனஸ் அதற்குள் போனால் மிகப் பெரிய எண்ணாகி, ஏறக்குறைய 49.7 நாள் தூக்கம். 60 பக்கத்தில் யுஎல் (அந்த 32 பிட் வகை என்று சொல்லும் எழுத்துகள்) சேர்த்தால் சரியாகிவிடும். ஆனாலும் டிலே வேண்டாம். கச்சான் (மேற்குக் காற்று) காலத்தில் காற்று சீராக அடிக்காது, வீச்சு வந்து போகும். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) ஒரு நிமிடம் தூங்கினால் சைரனும் தூங்கும், பட்டனை அமுக்கினாலும் கேட்காது. மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்வது) வைத்து, நேரம் ஆகிவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

கீழக்கரைத்தம்பி:
ஒரேயடியாக அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணே. டிலே ஓடும்போதும் இன்டரப்ட் (பல்ஸ் வந்ததும் குறுக்கிட்டு ஓடும் சிறு நிரல்) வேலை செய்யும். பல்ஸை அதில் எண்ணினால் கணக்கு தவறாது. மில்லிஸ் மாறிகள் நாலைந்து சேர்ந்ததும் நிரல் சிக்கலாகிவிடுகிறது. நாளைக்கு அதைத் திருத்த வருகிற பாலிடெக்னிக் மாணவர் திணறுவார். டிலே ஒரே வரி, யாருக்கும் புரியும்.

தொண்டிக்கடல்:
எண்ணிக்கை தவறாது, ஒத்துக்கொள்கிறேன் தம்பி. எண்ணியதை வைத்து முடிவு எடுப்பது எப்போது? பழைய பாம்பன் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். அதைத் தூங்கி எழுந்து பார்த்திருந்தால் என்ன பிரயோஜனம்?

தேவிபட்டினம்:
அலகையும் பாருங்கள். பைத்தான் டைம்.ஸ்லீப், சி மொழியில் ஸ்லீப் இரண்டும் விநாடி. ஜாவாவிலும் ஆர்டுயினோவிலும் மில்லி விநாடி. ஈஎஸ்பி32 போர்டை ஆழ்ந்து தூங்க வைக்கும் டீப் ஸ்லீப் டைமருக்கு மைக்ரோ விநாடி. கோ மொழியில் டைம்.செகண்ட் என்று அலகையே எழுதலாம், எனக்குப் பிடித்தது அதுதான். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்லீப் கிடையாது, இவ்வளவு நேரம் கழித்து இதை ஓட்டு என்று சொல்லும் செட்டைம்அவுட்தான்.

பாம்பன்கரை:
பை பக்கம் டைம்.ஸ்லீப்(60) இருக்கட்டுமா? அதில் சைரன் இல்லையே.

தொண்டிக்கடல்:
ஸ்லீப் குறைந்தது அவ்வளவு நேரம் என்றுதான் உறுதி தரும். படிக்கவும் எழுதவும் 0.4 விநாடி ஆகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றும் 60.4 விநாடி, ஒரு நாளில் ஏறக்குறைய 9.6 நிமிடம் பின்தங்கும். காலை ஆறு மணி அழுத்தம் என்று நீங்கள் வைத்திருப்பது ஆறு மணியுடையதாக இருக்காது. டைம்.மோனோடோனிக் (பின்னால் போகாத கடிகாரம்) வைத்து அடுத்த நேரத்தை முன்னாலேயே குறித்துக்கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் தூங்கச் சொல்லுங்கள்.

கீழக்கரைத்தம்பி:
பைக்கு அது சரி. ஸ்லீப்புக்குப் பதில் பைத்தான் திரெடிங்கில் இவென்ட் வெயிட் (நேரம் முடியும் வரை அல்லது தகவல் வரும் வரை காத்திருப்பது) போட்டால், நிறுத்தச் சொன்னதும் உடனே எழுந்துவிடும். ஆர்டுயினோவில் என் பேச்சு மாறவில்லை: டிலே(50), உள்ளே ஒரே ஒரு மில்லிஸ் கணக்கு. 50 மில்லி விநாடி தாமதத்தில் எந்தப் படகுக்கும் ஒன்றும் ஆகிவிடாது, நிரலும் படிக்கிற மாதிரி இருக்கும்.

தொண்டிக்கடல்:
இன்றைக்கு 50. சென்சார் ஒன்று கூடினால் அடுத்தவர் அங்கே 500 போடுவார். சைரன் உள்ள கருவியில் டிலேக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பாம்பன்கரை:
யுஎல் சேர்த்தேன், அளவு வர ஆரம்பித்துவிட்டது. சைரனை மட்டும் மில்லிஸுக்கு மாற்றி இங்கே போடுகிறேன், இருவரும் பாருங்கள்.