குதிகால் வலி: முதலில் ஆஸ்டியோபத்தா, போடியாட்ரிஸ்டா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_முதுகு:
ஒரு பக்கக் குதிகால் வலியோடு இடுப்பு வலியும் இருந்தால் பாத மருத்துவரான போடியாட்ரிஸ்டிடம் அல்ல, எலும்பு, மூட்டு, தசைகளைக் கையால் நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபத்திடம்தான் முதலில் போக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் ஏறி நின்றால் ஒரு கால் குட்டையாகத் தெரியும். அப்போதே பாதத்தை அச்சு எடுத்து, ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் செய்தால், இடுப்பு சரியானதும் அது பொருந்தாது. கொடுத்த பணம் வீண்.

பினாங்கு_பாதம்:
அங்கேதான் தவறுகிறீர்கள், ஐயா. அச்சு பாதத்தின் வடிவம். இடுப்பு ஏறினாலும் அது பெரிதாக மாறாது. மாறுவது குதிகாலுக்கடியில் வைக்கும் ஹீல் லிஃப்டின் உயரம்தான். அதற்கும் வழி உண்டு. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள் கணுக்கால் வரை டேப் பிடியுங்கள், பிறகு தொப்புளிலிருந்து. முதல் அளவு இரு பக்கமும் சமம், இரண்டாவது மட்டும் வேறு என்றால் அது இடுப்புச் சாய்வு, உங்கள் வேலை. முதல் அளவே வேறென்றால் எலும்பே குட்டை, எத்தனை முறை நீவினாலும் நீளாது. டேப் சில எம்எம் தவறும். அதனால் குட்டைக் காலுக்கடியில் மெல்லிய கட்டைகளை அடுக்கி, இடுப்பு சமமாகும் உயரத்தையும் பாருங்கள். லிஃப்டை 3 எம்எம்மில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். 10 எம்எம்மைத் தாண்டினால் குதிகால் ஷூவை விட்டு வெளியே வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஷூவின் அடிப்பாகத்தைத்தான் உயர்த்த வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_முதுகு:
லிஃப்ட் விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் நம்மவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். இன்சோல் ஷூவுக்குள் கிடக்க, மாலை முழுக்க வெறுங்கால் டைல்ஸ் தரையில். கெண்டைக்கால் இறுக்கத்தைத் தளர்த்தாமல் எந்த இன்சோல் உதவும்?

பினாங்கு_பாதம்:
வீட்டுக்குள் போட வளைவு தாங்கும் கெட்டியான சிலிப்பர் ஒன்றைத் தனியாகக் கொடுக்கச் சொல்வேன். கெண்டைக்கால் பயிற்சி உங்களிடமே நடக்கட்டும்.

செந்தூல்_வாசகர்:
இருவருமே இனிப்பு நீரை (நீரிழிவை) மறந்துவிட்டீர்கள். இங்கே பலர் ஜிபி (பொது மருத்துவர்) கடிதமில்லாமல் நேரே வருகிறார்கள். முதலில் பார்ப்பவர்தான் சோதிக்க வேண்டும். நோயாளி கண்ணை மூடியிருக்க, 10 கிராம் மோனோஃபிலமெண்டை (உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) பெருவிரலிலும் முன்பாத எலும்புத் தலைகளிலும் வளையும்வரை அழுத்துங்கள். உணர்வில்லையென்றால் முதலில் போடியாட்ரிஸ்ட். உணர்வு குறைந்த பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியும் வலி குறைவாக இருந்தால் சார்கோ பாதமோ (நரம்புணர்வு குறைந்த பாதத்தில் எலும்பும் மூட்டும் சிதையும் நோய்) என்று சந்தேகியுங்கள். சுளுக்கென்று நீவக் கூடாது. நடக்கவிட்டால் வளைவே இடிந்துவிடும். ஆரம்ப எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் நம்ப வேண்டாம். அன்றே மருத்துவமனை.

பிரிக்ஃபீல்ட்ஸ்_முதுகு:
இதில் மறுப்பே இல்லை, முதல் சந்திப்பிலேயே செய்ய வேண்டிய சோதனை. மற்றவர்களுக்கு நான் சொன்ன வரிசைதான். ஆனால் போடியாட்ரிஸ்டுக்கு அனுப்பும்போது ‘குதிகால் வலி, பார்க்கவும்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் கூடாது. இரண்டு டேப் அளவுகள், கட்டை உயரம், காலையில் முதல் அடிக்கு வலிக்கிறதா, என்ன செய்தோம், எது மாறவில்லை என எல்லாம் எழுதுவோம். போடியாட்ரிஸ்டும் லிஃப்ட் உயரத்தை எங்களுக்கு எழுதி அனுப்பட்டும்.