பிராம்ப்ட்: தூண்டலா, ஏவலா, வியங்கோளா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
மொரீஷியஸ் அன்பர்களுக்கு வணக்கம். கோயில் தமிழ் வகுப்புக்கான கணினிப் பாடத்தை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கணினி நிரல் மொழிகளில் 1957-இல் வந்த ஃபோர்ட்ரான், ஆங்கில வாக்கியம் போல எழுதலாம் என்று 1959-இல் புறப்பட்ட கோபோல், பிறகு பைத்தான் எல்லாம் முடிந்துவிட்டன. இன்று செயற்கை நுண்ணறிவிடம் பேச்சு வழக்கிலேயே சொல்லி நிரல் வாங்குகிறோமே, அங்கேதான் சிக்கல். நாம் அதற்கு எழுதிக் கொடுக்கும் அந்த வரிக்கு, அதாவது பிராம்ப்டுக்கு, என்ன சொல்? வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள். நாக்கில் நிற்க வேண்டும்.

மோக்காவிலிருந்து:
ஏவல். வேறு யோசனையே வேண்டாம். நட, வா, செய் என்று வினையடியே ஏவலாக நிற்கும் மொழி நம்முடையது. 848-ஆம் குறளில் 'ஏவவும் செய்கலான் தான்தேறான்' என்று வள்ளுவர் நொந்துகொள்கிறார். நேற்று ஒரே பிழையை மூன்று முறை 'திருத்திவிட்டேன்' என்று சொன்ன என் செயற்கை நுண்ணறிவு உதவியாளனை அவர் எப்படிக் கண்டார் என்பதுதான் வியப்பு.

போர்ட் லூயிஸிலிருந்து:
ஐயா, என் பாட்டி உயிரோடிருந்தால் ஏவல் என்ற சொல்லைக் கேட்டதும் எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்கு ஓடியிருப்பார். பில்லி, சூனியம் வரிசையில் வருவதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைப்பதா? அறிவியல் நூல்களில் தூண்டல், துலங்கல் என்று பழகிய சொற்கள் இருக்கின்றன. தூண்டல் போதும்.

எபேனிலிருந்து:
நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற உரிமையில் ஒரு சொல். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்குக் கொடுப்பதுதான் ஏவல். சொன்னதைச் செய்யும், முடியாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். செயற்கை நுண்ணறிவுக்கோ ஒரே வரியைக் காலையிலும் மாலையிலும் கொடுத்தால் இரண்டு விதமான நிரல் வருகிறது. இது கட்டளையே அன்று. வாழ்க, வருக என்பது போல 'நிரல் ஓடுக' என்று வேண்டிக்கொள்வது. ஆகவே வியங்கோள். 2025 ஆகஸ்டில் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழி பைத்தானை முந்தியதற்கும் இதில் பங்குண்டு என்பது என் கணிப்பு. வேண்டிப் பெற்ற நிரலை நம்ப முடியாது. மாறிகளின் வகையை, எண்ணா எழுத்தா என்று, முன்கூட்டியே பார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் போன்ற மொழி பாதிப் பிழையை ஓடும் முன்பே பிடித்துவிடும்.

மோக்காவிலிருந்து:
முன்னிலையில் வியங்கோள் நிலைக்காது என்பது தொல்காப்பியர் தீர்ப்பு. எதிரே இருக்கும் கணினி முன்னிலை அல்லவா?

எபேனிலிருந்து:
நன்னூலார் எல்லா இடத்துக்கும் அனுமதி கொடுத்துவிட்டார், ஐயா. தவிர, அது முன்னிலையா படர்க்கையா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குவாத்ர் போர்னிலிருந்து:
நாடகத்தில் வசனம் மறந்தவருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பதும் ஆங்கிலத்தில் பிராம்ப்ட்தான். அருணகிரிக்கு முருகன் 'முத்தைத்தரு' என்று அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வோமே, மீதியை அவர் பாடினார். இந்தக் கருவியும் கொடுத்த சொற்களுக்கு அடுத்து எது வரும் என்று கணித்துத்தான் தொடர்கிறது. 'அடியெடுப்பு' எப்படி? காவடி எடுக்கும் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லிவிடலாம்.

போர்ட் லூயிஸிலிருந்து:
அழகுதான், அம்மா. ஆனால் பரீட்சைத் தாளில் 'அடி' என்று கண்டால் பிரம்படி என்று நினைப்பார்கள்.

மோக்காவிலிருந்து:
1998-இல் மொரீஷியஸின் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் பின்னால் தள்ளப்பட்டது என்று எதிர்ப்பு எழுந்து, நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த சமூகம் இது. ஒரு நல்ல இலக்கணச் சொல்லுக்கு இவ்வளவு அச்சமா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
ஐயா, அந்த நோட்டில் உள்ள தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குத்தான் என் வகுப்பில் பாதிப் பேர் வருகிறார்கள். மன்னியுங்கள், அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். தூண்டலுக்கு நான்கு பேர், மற்றவற்றுக்குத் தலா ஒருவர். தூண்டல் என்றே அனுப்பிவிட்டேன்.

எபேனிலிருந்து:
சரி. வியங்கோளை அடிக்குறிப்பிலாவது போடுக. (இது வியங்கோள், செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம்.)

குவாத்ர் போர்னிலிருந்து:
என் வகுப்பில் நான் அடியெடுப்பு என்றுதான் சொல்லப்போகிறேன்.