புள்ளி இல்லாத எழுத்தும் ஒரு சின்னக் கல்லும்

இரண்டு வருஷம் அடிப்படை எபிரேயம் முடித்துவிட்டுத்தான் ஜெருசலேம் போனேன். வினைத்திரிபு அட்டவணைகள் மனப்பாடம். ஆதியாகமக் கதைகளை அகராதி அதிகம் பார்க்காமல் வாசித்துவிடுவேன். அங்கே ஸ்கோபஸ் மலையில் உள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் முதல் வார வகுப்பிலேயே அந்தத் தைரியம் கரைந்துபோனது. பேராசிரியர் கையில் கொடுத்த நகலில் உயிர்க்குறி ஒன்றுகூட இல்லை. சாமுவேல் புத்தகத்தின் ஒரு பத்தி, வெறும் மெய்யெழுத்துகளாக. "வாசியுங்கள்" என்றார், என்னைப் பார்த்து.

எபிரேயம் படிக்காதவர்களுக்காக ஓர் உதாரணம். தாலெத், பேத், ரேஷ் என்று மூன்று எழுத்துகள் வரிசையாக நிற்கும். தாவார் என்று வாசித்தால் சொல், அல்லது காரியம். தெவெர் என்று வாசித்தால் கொள்ளைநோய். திப்பேர் என்றால் பேசினான். எது சரி என்று எழுத்து சொல்லாது, முன்னும் பின்னும் உள்ளதுதான் சொல்லும். அதுவரை நான் வாசித்த அச்சுப் புத்தகத்தில் வேறு யாரோ எனக்காக அந்த முடிவை எடுத்து, புள்ளிகளும் கோடுகளுமாகப் போட்டு வைத்திருந்தார்கள். அது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து அதே நகலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. சுவடியில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். உ.வே.சாமிநாதையர் ஏடுகளோடு பட்ட பாட்டைப் பள்ளியில் படித்தவர்கள்தானே நாம்? எபிரேயத்திலும் தாலெத்தும் ரேஷும் அப்படித்தான், ஒரு சின்ன முனைதான் வித்தியாசம். ஆதியாகமம் 10:4இல் 'தோதானீம்' என்று வரும் மக்கள், 1 நாளாகமம் 1:7இல் 'ரோதானீம்' ஆகிவிடுகிறார்கள். எழுதியவன் கண் ஏமாந்த இடம். இதைப் பார்த்ததும் பயம் பாதி போய்விட்டது.

எபிரேய வேதத்தில் அந்தப் புள்ளிகளைப் போட்டவர்கள் மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள். கலிலேயாவின் திபேரியா நகரில் கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வேலை செய்தவர்களின் முறைதான் இன்று அச்சில் இருக்கிறது. இவர்கள்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையைச் சொல்லி முடியாது. ஓர் எழுத்து தவறு என்று தெரிந்தாலும் அதைத் தொடமாட்டார்கள். எழுதியது அப்படியே நிற்கும், ஓரத்தில் 'இப்படி வாசி' என்று குறிப்பு வரும். எழுதியது கெதீவ், வாசிப்பது கெரே. ஏசாயா 9இல் ஒரு வரி. எழுதியபடி வாசித்தால் 'ஜனத்தைப் பெருக்கினீர், மகிழ்ச்சியைப் பெருக்கவில்லை'. ஓரக்குறிப்பின்படி வாசித்தால் 'அதற்கு மகிழ்ச்சியைப் பெருக்கினீர்'. இரண்டு சொல்லுக்கும் ஒலி ஒன்றே, 'லோ'. கடைசி எழுத்து ஆலெப்பா வாவா என்பதில்தான் பொருள் தலைகீழாகிறது. கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் 'பெருக்கவில்லை' என்றே இருக்கும். நம் தமிழ் வேதாகமம் ஓரக்குறிப்பின் பக்கம் நின்றது.

நாங்கள் வகுப்பில் பயன்படுத்திய அச்சுப் பதிப்புக்கு மூலம் 1008ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் ஏடு என்ற கையெழுத்துப் பிரதி. அது இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்தில் இருக்கிறது. அதைவிடப் பழைய, 930 வாக்கில் எழுதிய அலெப்போ ஏடு முழுமையாக இல்லை. சிரியாவின் அலெப்போவில் 1947இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஏறக்குறைய 200 தாள்கள் காணாமல் போயின. வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்தாகமத்தில் உபாகமத்தின் கடைசிப் பகுதி மட்டுமே மிச்சம். அந்த இழப்பைப் பற்றிப் பேராசிரியர் சொல்லும்போது வகுப்பில் யாரும் பேசவில்லை.

இனி அந்தக் கல் விஷயம். 1 சாமுவேல் 13:21இல் 'பீம்' என்றொரு சொல். எபிரேய வேதத்தில் வேறெங்கும் கிடையாது. இஸ்ரவேலில் கொல்லர் இல்லை, கொழுவையும் மண்வெட்டியையும் தீட்ட பெலிஸ்தரிடம்தான் போகவேண்டும் என்று பேசும் இடம். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஊகித்து 'அரம்' என்று போட்டார்கள். நம் தமிழிலும் 'அரங்கள்' என்றுதான் இருக்கிறது. பிறகு அகழாய்வுகளில் சிறு எடைக்கற்கள் கிடைத்தன. மேலே மூன்றே எழுத்து: பே, யோத், மேம். பீம் என்பது ஓர் எடை, சேக்கல் என்ற பழைய எடை அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் அந்த வசனம் அரத்தைப் பற்றியதே அல்ல, தீட்டுக்கூலியைப் பற்றியது!

அப்படி ஒரு கல்லை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். சுண்ணாம்புக்கல், மேல்பக்கம் உருண்டை, அடிப்பக்கம் தட்டை. எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. என் தாத்தா கொழுவைத் தூக்கிக்கொண்டு கொல்லுப்பட்டறைக்குப் போவார், கூலி அறுப்பு முடிந்து நெல்லாகப் போகும். வேறு இனத்தான் பட்டறைக்குப் போய், அவன் சொன்ன கூலியை வெள்ளியாக நிறுத்துக் கொடுக்கவேண்டிய விவசாயியின் நிலைமை அந்த மூன்று எழுத்தில் இருந்தது. அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

*

சகோதரி, உங்கள் பதிவை வாசித்தேன். நான் பெங்களூரில் இறையியல் முதுகலை படித்தவன், இப்போது சபை ஊழியம். உங்கள் பீம் போல என் படிப்பில் எனக்கு ஒரு துக்கி.

சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் கொண்டுவந்த சரக்கில் 'துக்கியீம்' உண்டு, 1 இராஜாக்கள் 10:22. தமிழில் மயில்கள். துக்கி என்பது நம் 'தோகை' என்று கால்டுவெல் ஐயர் 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டியதைச் சின்ன வயதிலிருந்தே மேடைகளில் கேட்டு வளர்ந்தவன் நான். அதையே பெருமையாகக் கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "கிரேக்க மொழிபெயர்ப்பு என்ன சொல்கிறது?" போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் மயிலே இல்லை, கற்களைப் பற்றிப் பேசுகிறது. எகிப்தியச் சொல்லோடு இணைத்து இதை ஒரு வகைக் குரங்கு என்பவர்களும் உண்டு, சில புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் அப்படியே போடுகின்றன. இன்றைய இஸ்ரேலில் துக்கி என்றால் கிளி.

முதலில் மனசு வலித்தது. பிறகு கட்டுரையைத் திருத்தி எழுதினேன். தோகை என்பதே எனக்கு இன்றும் வலுவான விளக்கமாகப் படுகிறது, வாசனைப் பொருளான 'அஹாலோத்' நம் அகிலோடு ஒத்துப்போவதும் சேர்ந்து வருகிறது. ஆனால் பிரசங்கத்தில் 'நிச்சயம்' என்று சொல்வதை விட்டுவிட்டேன். 'இப்படியும் கருதுகிறார்கள்' என்று சொல்கிறேன். அதற்காக யாரும் எழுந்து போய்விடவில்லை.

*

அக்கா, நான் ஜெர்மனியில் ஆய்வு மாணவி. எனக்கு வகுப்பில் மறக்கமுடியாத நாள் ஆமோஸ் 6:12 படித்த நாள். 'பாறைமேல் குதிரை ஓடுமா? மாடுகளால் உழுவார்களா?' இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விகள். ஆனால் மாடுகளால் உழத்தானே செய்வார்கள்? கிங் ஜேம்ஸ்காரர்கள் 'அங்கே' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சமாளித்தார்கள். மூலத்தில் 'பப்பெகாரீம்' என்று ஒரே சொல். அதை 'பப்பாகார் யாம்' என்று இரண்டாகப் பிரித்தால் 'மாட்டைக் கட்டிக் கடலை உழுவார்களா?' என்றாகிறது. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, இடைவெளி மட்டும்! சீர் பிரித்துப் படித்துப் பழகிய நமக்கு இது கைவந்த வேலை, வகுப்பில் நான்தான் முதலில் பிடித்தேன்.

ஒரு சந்தேகம்: 1906இல் வந்த ஆக்ஸ்போர்டு எபிரேய அகராதியோடு போராடி ஓய்ந்துவிட்டேன். வேரைக் கண்டுபிடித்தால்தான் சொல்லே கிடைக்கும் என்றால் என்ன செய்வது?

*

தங்கச்சி, அந்த அகராதியை விட்டுவிடாதே. 'கண்டான்' என்பதைக் 'காண்' என்ற இடத்தில் தேடுவது மாதிரிதான் அது. மத்தானா, பரிசு. முன்னால் நிற்கும் மேமை (ம) எடு, விழுந்துபோன நூனை (ந) முன்னால் வை, 'நாத்தான்', கொடுத்தான். ஒரு நாளைக்கு ஐந்து சொல்லை இப்படி உரித்துப் பார்த்து நோட்டில் எழுது, மூன்று மாதத்தில் கை தானாகச் சரியான பக்கத்துக்குப் போகும். அகரவரிசையில் உள்ள புதிய அகராதிகளை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்.

இன்னொன்று, வசன எண்ணைப் பார்த்துக்கொள். நான் மேலே சொன்ன ஏசாயா வரி நம் வேதாகமத்தில் 9:3, எபிரேயத்தில் 9:2. பல சங்கீதங்களில் தலைப்பையே ஒரு வசனமாக எண்ணிவிடுவார்கள். இது தெரியாமல் ஒரு முழு ராத்திரி தப்பான வசனத்தைத் தயார்செய்துகொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

பாஸ்டர் ஐயா, அந்தத் திருத்தின கட்டுரை கைவசம் இருந்தால் அனுப்புங்கள். அகில் பகுதியை நான் வாசிக்கவேண்டும்.