அம்மாவின் ஞாபகத்தைத் தமிழில் சோதிக்க எங்கே போவது?

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 74. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. கடந்த தீபாவளிக்குப் பிறகு கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார். கோயிலிலிருந்து திரும்பும்போது வழி தவறினார். விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது) நேரமாகிவிட்டது என்று கிளம்புகிறார். தோட்டத்தை விட்டு வந்து பல ஆண்டுகளாகின்றன.

தைராய்டு, பி12 இரத்தப் பரிசோதனைகளில் குறையில்லை. காது கேட்பதும் சரியாகவே இருக்கிறது.

கிளினிக்கில் 30 மதிப்பெண் ஞாபகச் சோதனையை மலாயில் நடத்தினார்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள், 100லிருந்து ஏழேழாகக் கழியுங்கள் என்றால் மூன்றாம் வகுப்புப் படித்தவர் என்ன செய்வார்? 14 வந்தது. அதில் நோய் எவ்வளவு, மொழியும் படிப்பும் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு இதுதான் மனம் ஆறவில்லை. படிப்பும் பண்பாடும் முடிவைக் குறைவாகப் பாதிக்கும்படி ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2004இல் வெளியிட்ட ருடாஸ் என்ற சோதனை இருக்கிறது. நாங்கள் கேட்ட இடங்களில் அதைச் செய்வதில்லை.

ஈப்போ, தைப்பிங் வட்டாரத்தில் ருடாஸ் சோதனையைத் தமிழிலேயே நடத்தும் முதியோர் மருத்துவர் யாராவது இருக்கிறாரா?