புதுப்பிப்பு: 74-72 என்ற ஸ்கோர் எப்படி வந்தது?

2018 நவம்பர் 24 அன்று நடந்த அமெரிக்கக் கல்லூரி கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) ஆட்டத்தில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக (எல்எஸ்யூ) அணியை 74-72 என வென்றது; அதில் இத்தனை புள்ளிகள் எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘தடுப்பாட்டம் சொதப்பல்’ என்ற விளக்கம் பொருந்தவில்லை. வழக்கமான 60 நிமிடம் முடிந்தபோது 31-31தான். அதுவும் கடைசி நொடி டச்டவுனால் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது, 6 புள்ளி) வந்த சமன். ‘கூடுதல் நேர விதியைப் பாருங்கள்’ என்றவர் சொன்னதே சரி. அங்கே கடிகாரம் கிடையாது. எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்து (கோல் கோட்டுக்கு 25 கெஜம் முன்) இரு அணிக்கும் ஒவ்வொரு வாய்ப்பு; அது ஒரு சுற்று, சமன் என்றால் அடுத்த சுற்று. ஃபீல்ட் கோலுக்கு (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி) அங்கிருந்தே எட்டிவிடும் தூரம். ஏழு சுற்றுகளில் மட்டும் 84 புள்ளிகள்!

அப்போதைய விதிப்படி, மூன்றாம் சுற்று முதல் டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளி முயற்சி (கோல் கோட்டருகிலிருந்து ஒரே முறை பந்தை மீண்டும் உள்ளே சேர்க்க முயல்வது) கட்டாயமாக இருந்தது. ஏழாவது சுற்று தொடங்கியபோது 66-66. எல்எஸ்யூ டச்டவுன் அடித்து அந்த முயற்சியில் தவறியது, 72-66. பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியில் பந்தை வீசும் கெலன் மாண்ட் டச்டவுனுக்கு வீசி, இரண்டு புள்ளி முயற்சியில் சக வீரர் கெண்ட்ரிக் ராஜர்ஸிடம் பந்தைச் சேர்த்தார். என்ன ஒரு நிதானம்!

எதிர்பாராதது: விதியே மாறிவிட்டது. 2021 முதல் மூன்றாம் சுற்றிலிருந்து 3 கெஜக் கோட்டிலிருந்து இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டுமே. அதே ஆண்டு இல்லினாய்ஸ் அணி பென் ஸ்டேட் அணியை ஒன்பது கூடுதல் சுற்றுகளில் வென்றும் ஸ்கோர் 20-18தான்.