புதுப்பிப்பு: சாய்ந்த ஃப்ரெட் பேஸ் வாங்கியாச்சு

ஐந்து கம்பி பேஸ் கிட்டாரில் லோ பி (ஆகத் தடித்த, ஆகத் தாழ்ந்த சுருதிக் கம்பி) தொளதொளவென்று கிடக்கிறது, ஃப்ரெட்கள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) விசிறிபோல் விரிந்த கிட்டார் எடுத்தால் சரியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? அப்படிப்பட்ட பேஸ் செய்யும் டிங்வால் நிறுவனத்தின் பழைய கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. சரியாகிறது!

ஆக மெல்லிய ஜி கம்பியின் நீளம் வழக்கமான 34 அங்குலம்தான், போகப் போக நீண்டு பி 37 ஆகிறது. கனம் மாறாமல் கம்பி நீண்டால், அதே சுருதிக்கு இன்னும் இறுக்கியாக வேண்டும். அதனால் பி கம்பியின் 31 ஹெர்ட்ஸ் ஆழத்திலும் சத்தம் கலங்கவில்லை. தங்கச்சிமடத்தில் பாடகர் குழுவோடு வாசித்தபோது கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, "ஆம்ப் மாத்திட்டியாடா?" என்றார்.

விரல் குழம்பும் என்று சிலர் பயமுறுத்தினீர்கள். நடுக்கழுத்தில் ஃப்ரெட்கள் கிட்டத்தட்ட நேர்தான், வித்தியாசமே தெரியாது. பி கம்பியின் முதல் ஃப்ரெட்டில் லோ சி சுரம் பிடிக்கத்தான் கை நன்றாக நீள வேண்டும்.

உண்மையான தலைவலி கம்பி. 34 அங்குலத்துக்கான சாதாரண செட்டில் பி எட்டாது. பாம்பன் உப்புக்காற்றோ சுற்றுக்கம்பியின் இடுக்கெல்லாம் புகுந்து துருப்பிடிக்க வைக்கிறது. வாசித்ததும் துடைத்து உறையில் போட்டுவிடுகிறேன். அப்புறம், 37 அங்குலத்துக்கான, அரிப்பைத் தடுக்கும் பூச்சுக் கம்பி மதுரையில் எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?