முத்தியால்பேட்டை வீடு (வாட்ஸ்அப் குழு)

செல்வி அக்கா (பாரிஸ்): அவசரம். நிலாவுக்கு நாளைக் காலை லிசே பள்ளியில் பத்து நிமிடம் பேச வேண்டும். மத்லேன் த ஸ்குதேரி, பழைய நாவலாசிரியை. சித்தப்பா, ரிடையர் ஆனாலும் பிரெஞ்சு வாத்தியார் நீங்கள்தான். காப்பாற்றுங்கள்.

பெரியப்பா: குமரன் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் போட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது. யாரும் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு அச்சகத்தை மூடிவிடுவான்.

பாபு மாமா: பார்த்தாச்சு. வரவேற்பு நேரம் எங்கே?

சித்தப்பா: நிலாக்குட்டி, எழுதிக்கொள். 1607இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ரூவான் ஊரில் உறவுக்காரர் ஒருவர் வளர்த்தார். இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாம் படித்தார். அப்புறம் பாரிசில் அண்ணன் ழோர்ழோடு குடித்தனம். அண்ணன் நாடகம் எழுதுகிறவர், வாய்ச்சவடால் ஜாஸ்தி. 1641இல் முதல் நாவல் ‘இப்ராஹிம்’. எழுதியது தங்கை. அட்டையில் அண்ணன் பெயர்.

சித்தி: ஆரம்பிச்சாச்சு 🙏

கமலா அத்தை: அட்டையில் அண்ணன் பெயரா?

பாபு மாமா: 😂😂

பெரியப்பா: கோயில் சிறப்பு மலர் விஷயத்தை இங்கே யாரும் எடுக்க வேண்டாம்.

கமலா அத்தை: யாரும் எடுக்கவில்லையே அண்ணா.

நிலா: என்ன கோயில் மலர்?

செல்வி அக்கா: ஒன்றுமில்லை, நீ எழுது.

சித்தப்பா: அடுத்தது ‘மகா சைரஸ்’. 1649 முதல் 1653 வரை பத்துத் தொகுதி, 13,000 பக்கத்துக்கு மேல். பாரசீக அரசன் கதை என்று பெயர். உள்ளே நடமாடுவதெல்லாம் அன்றைய பாரிஸ் பெரிய மனிதர்கள், வேறு பெயர்களில். யார் யார் என்று கண்டுபிடிப்பதே வாசகர்களுக்கு ஒரு விளையாட்டு. தன்னையும் ‘சாஃபோ’ என்ற பாத்திரமாக உள்ளே நுழைத்துக்கொண்டார். இதற்கும் அட்டையில் அண்ணன்தான். ஆனால் யார் எழுதுகிறார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கமலா அத்தை: தெரிந்தவர்களுக்குத் தெரியும். சரியாகச் சொன்னாய் தம்பி.

குமரன்: 13,000 பக்கமா!! என் கல்யாண ஆல்பம் 40 பக்கம்தான். அதற்கே அப்பா காசு பார்க்கிறார்.

பெரியப்பா: ஆல்பம் பற்றிப் பிறகு பேசலாம். வேன் 12 சீட்டா 17 சீட்டா?

சித்தி: செல்வி குடும்பம் வந்தால் 17.

செல்வி அக்கா: லீவு இன்னும் உறுதியாகவில்லை சித்தி.

நிலா: சின்னத் தாத்தா, டீச்சர் ஒரு வரைபடம் கொடுத்தார். ஆறு, ஊர் எல்லாம் இருக்கிறது. புரியவில்லை.

சித்தப்பா: ஆகா! அதைத்தான் விடாமல் சொல்ல வேண்டும். ‘க்ளேலி’ நாவலின் முதல் தொகுதியில் வந்தது, 1654. அன்பு என்ற நாட்டுக்கு வரைபடம். கீழே ‘புது நட்பு’ என்ற ஊர். அங்கிருந்து மூன்று வழி. நடுவில் ‘மன ஈர்ப்பு’ ஆறு. அதன் கரையில் தங்க ஒரு கிராமம்கூடக் கிடையாது, ஏனென்றால் அந்த வழியில் போகிறவர் ஒரே ஓட்டமாகப் போய்ச் சேர்ந்துவிடுவாராம்! மதிப்பு வழியாகப் போனால் ‘அழகிய கவிதை’, ‘காதல் கடிதம்’, ‘நேர்மை’ என்று ஊர் ஊராகத் தங்க வேண்டும். நன்றி வழியில் ‘சின்னச் சின்ன அக்கறை’ என்றே ஒரு கிராமம். தடம் மாறி ‘அலட்சியம்’, ‘மறதி’ பக்கம் போனால் போய் விழுவது பாராமுக ஏரியில். மேலே அபாயக் கடல், அதற்கு அப்பால் யாரும் அறியாத நிலம்.

குமரன்: பெண் பார்க்கப் போன அன்றைக்கே இந்த மேப் கிடைத்திருக்கலாம்.

பாபு மாமா: உன் அப்பன் நேரே ஏரிக்குத்தான் போனான்

பெரியப்பா: பாபு.

கமலா அத்தை: நிலா, அந்த அம்மா கல்யாணம் செய்துகொண்டாரா?

சித்தப்பா: இல்லை அக்கா. கணவன் என்றால் எஜமான் என்று சாஃபோ வாயால் நாவலிலேயே சொல்லியிருக்கிறார். பெலிசோன் என்று உயிர் நண்பர் உண்டு. அவர் 1661இலிருந்து சில வருஷம் பஸ்தீய் சிறையில் இருந்தபோதும் நட்பை விடவில்லை. சனிக்கிழமைதோறும் மாரே பகுதியில் இவர் வீட்டில் எழுத்தாளர்கள் கூடுவார்கள். இந்த மாதிரி கூட்டங்களையும் அந்த வரைபடத்தையும் நாடகாசிரியர் மொலியேர் 1659 நாடகத்தில் கிண்டல் செய்தார். எனக்கென்னவோ அந்தக் கிண்டல் கொஞ்சம் அதிகம்தான் என்று படுகிறது.

நிலா: பச்சோந்தி வளர்த்தார் என்று படித்தேன். உண்மையா?

சித்தப்பா: உண்மை. எகிப்திலிருந்து வந்தவை.

பாபு மாமா: நம் குடும்பத்திலும் ஒன்றிரண்டு உண்டு. எகிப்து இல்லை, லாஸ்பேட்டை.

சித்தி: 🤭 பேர் சொல்லாதீங்க

சித்தப்பா: முக்கியமானதை விட்டுவிடாதே நிலா. அண்ணன் 1650இல் பிரெஞ்சு அகாதெமி என்ற பெரிய மொழிச் சபையில் உறுப்பினர். தங்கைக்கு அந்த வாசலே கிடையாது, ஆண்கள் மட்டும். 1671இல் அதே அகாதெமி முதல்முறையாக உரைநடைப் பரிசு வைத்தது. வென்றது தங்கை. அங்கே ஒரு பெண்ணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க 1980 ஆனது. ஸ்குதேரி 1701இல் இறக்கும்போது வயது 93. அதற்கு வெகு முன்பே அண்ணன் போய்விட்டார்.

கமலா அத்தை: 👏👏👏

பெரியப்பா: கமலா, பத்திரிகை வாசகம் நன்றாக வந்திருக்கிறது. அச்சகத்தில் எல்லாரும் பாராட்டினார்கள்.

குமரன்: அப்பா, யார் எழுதியது என்று சொன்னீர்கள்?

பெரியப்பா: அவர்கள் கேட்கவில்லை.

கமலா அத்தை: சரி அண்ணா. வரவேற்பு நேரம் சேர்க்கணும், “தங்கள்” என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், அழைப்போர் வரிசையில் என் பெயரைக் காணோம்.

சித்தி: அதைப் போன் போட்டுப் பேசிக்கலாமே.

நிலா: நன்றி சின்னத் தாத்தா ❤️ அம்மா, கோயில் மலர் பற்றி யாராவது சொல்லுங்களேன்

பெரியப்பா: அச்சகத்தை ஏழு மணி வரை திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேன் 12 என்றே சொல்லிவிடவா?

பாபு மாமா: அட்வான்ஸ் கொடுக்காதே. நாளைக்கு நான் கேட்டுச் சொல்கிறேன்.